மிச்சமாகும் நேரம் யாருக்கு? கல்லூரிப் பணியாளர்களின் புதுமுயற்சியும் ஏஐயும்: செட்டிநாட்டிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

போன செமஸ்டர் தொடங்கிய முதல் வாரம். வணிகவியல் துறையில் என்னோடு வேலை பார்க்கும் உதவிப் பேராசிரியை ஒருவர் சிரித்த முகத்தோடு ஆசிரியர் அறைக்குள் வந்தார். "அண்ணே, பாடத்திட்ட அட்டவணை, கேள்வி வங்கி எல்லாத்தையும் ஏஐ வச்சு ரெண்டே நாள்ல முடிச்சுட்டேன். போன வருஷம் இதுக்கு ரெண்டு வாரம் ஆச்சு" என்றார். அடுத்த திங்கட்கிழமை இன்னொரு துறையின் நாக் (கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பு) கோப்புகளும் அவர் மேசைக்கு வந்துவிட்டன. சீக்கிரம் முடிக்கிறவர் கையில்தானே வேலையைக் கொடுக்க முடியும் என்று காரணம் சொன்னார்கள். அதன்பிறகு வேலை முடிந்தாலும் முடியவில்லை என்று சொல்ல அவர் பழகிக்கொண்டார்.

ஏஐ வந்தால் கல்லூரிப் பணியாளர்களிடம் புதுமுயற்சி கூடுமா, குறையுமா என்று கேட்பவர்களுக்கு நான் இந்தச் சம்பவத்தைத்தான் சொல்கிறேன். கருவி தன் வேலையைச் செய்தது, எட்டு வேலைநாள் மிச்சமானது. அந்த எட்டு நாளும் புதுப் பாடம் எழுதுவதற்குப் போகாமல் கோப்புக்குப் போனது. காரைக்குடிப் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் 19 ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். உள் தர உறுதிக் குழுவின் பொறுப்பும் என்னிடம் சில ஆண்டுகளாக இருக்கிறது. அங்கே பட்டுத் தெரிந்துகொண்டதை, செய்யவேண்டிய வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். ஆசிரியர்களுக்கு மட்டும் எழுதவில்லை. அலுவலகக் கண்காணிப்பாளர், நூலகர், ஆய்வக உதவியாளர் எல்லோருக்கும் சேர்த்துத்தான்.

தொடங்குமுன்: எதைப் புதுமுயற்சி என்கிறோம்?

புதுமுயற்சி என்றதும் காப்புரிமை, ஸ்டார்ட்அப், விருது என்று நினைவு ஓடுகிறது. கல்லூரியில் நடக்கும் புதுமுயற்சி பெரும்பாலும் சிறியது. மனப்பாடம் செய்து எழுத முடியாத கேள்வித்தாள் ஒன்றை ஆசிரியர் உருவாக்குவது, மூன்று நாள் ஆகும் படிப்புச் சான்றிதழை அலுவலகம் அன்றே கொடுக்க வழி காண்பது, யாரும் தொடாத அலமாரியை நூலகர் மாணவர் கைக்குக் கொண்டுவருவது எல்லாம் அதில் சேர்த்தி.

நிறுவனங்களில் பணியாளர் எப்படிப் புதுமை செய்கிறார் என்பதை ஆராய்ந்தவர்கள் அதை மூன்று செயல்களாகப் பிரிக்கிறார்கள். 1994-ல் ஸ்காட்டும் புரூஸும் தொடங்கி, 2000-ல் யான்சன் தெளிவாக்கிய பிரிவு இது. யோசனை பிறக்க வேண்டும், அதற்கு ஆதரவு திரட்ட வேண்டும், கடைசியில் செய்து முடிக்க வேண்டும். ஏஐ முதலாவதை மலிவாக்கிவிட்டது. பத்து யோசனை கேட்டால் பத்து விநாடியில் தருகிறது. இரண்டாவதில், முன்மொழிவை ஒழுங்காக எழுத ஓரளவு உதவும். மூன்றாவதற்கு நேரமும் பணமும் அனுமதியும் வேண்டும், அவற்றை எந்தக் கருவியும் தராது.

இந்த ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அமைய வேண்டும் என்பது யோசனை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 25 ஜூலை 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். நிலையம் திறக்கப்பட்டது 14 ஜனவரி 1953-ல். யோசனை ஒரு நாளில் வந்திருக்கலாம். நிலமும் பணமும் நாலரை ஆண்டுமாகச் சேர்ந்துதான் அது கட்டடமாக எழுந்தது.

படி 1: இரண்டு வாரத்துக்கு நேரக் கணக்கு எழுதுங்கள்

ஏஐ கணக்கு திறப்பதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகம் திறங்கள். இரண்டு வாரம், அரை மணி நேரத்துக்கு ஒரு வரி. வகுப்பு, தயாரிப்பு, திருத்துதல், கோப்பு, மாணவர் சந்திப்பு, புது வேலை என்று ஆறு பத்தி போதும். ஆறாவது பத்திதான் முக்கியம். கடந்த ஆண்டு செய்யாத ஒன்றுக்காகச் செலவழித்த நேரத்தை மட்டும் அதில் எழுத வேண்டும்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி முழுநேர ஆசிரியருக்கு வாரம் 40 மணி நேரப் பணி. அதில் உதவிப் பேராசிரியருக்கு நேரடி வகுப்பு 16 மணி நேரம், இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14. மீதி 24 மணி நேரம் எங்கே போகிறது என்று எங்கள் துறையில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. எழுதிப் பார்த்த பிறகுதான் ஒரே விவரத்தை வேறு வேறு படிவங்களில் மீண்டும் மீண்டும் நிரப்புகிறோம் என்பது கண்ணில் பட்டது.

அலுவலகத்தில் இதே கணக்கை வேறு விதமாக எழுதலாம். ஒரு மாணவரின் பெயர், பதிவெண், பிறந்த தேதியை ஒரு ஆண்டில் எத்தனை இடத்தில் தட்டச்சு செய்கிறோம்? எங்கள் அலுவலகக் கண்காணிப்பாளர் அம்மா இதை எண்ணிப் பார்த்துவிட்டு, ஏஐ வேண்டாம், எல்லாப் பிரிவும் பார்க்கும் ஒரே எக்செல் தாள் போதும் என்றார். அவர் சொன்னது சரி. அந்த ஒரு தாளே அந்த ஆண்டின் சிறந்த புதுமுயற்சி என்று இன்றும் சொல்வேன். கணக்கு எழுதாமல் நேரே ஏஐக்குப் போயிருந்தால், தேவையில்லாத வேலையை வேகமாகச் செய்யக் கற்றிருப்போம்.

படி 2: எதைக் கொடுப்பது, எதைக் கொடுக்காமல் இருப்பது

பர்மாவிலும் மலேயாவிலும் நகரத்தார் நடத்திய வட்டிக் கடைகளில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று அடுக்கு இருந்தது. பையன் கணக்கு எழுதுவான், ஓடியாடி வேலை செய்வான். கடன் கொடுப்பதா வேண்டாமா என்பதை மேலாள்தான் முடிவு செய்வார், பொறுப்பும் அவருடையது. ஏஐயைப் பெட்டியடிப் பையன் இடத்தில் உட்கார வைக்கலாம். ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கக் கூடாது. பையனுக்குத் தெரியாவிட்டால் திருதிருவென விழிப்பான், கண்டுபிடித்துவிடலாம். இதற்குத் தெரியாவிட்டாலும் அதே தெளிவான நடையில் எழுதும்.

இந்த வேறுபாடு எவ்வளவு விலை கேட்கும் என்பதற்கு 2023-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று நல்ல சான்று. பாஸ்டன் கன்சல்டிங் குரூப்பின் 758 ஆலோசகர்களை வைத்து ஹார்வர்டு உள்ளிட்ட நிறுவனங்களின் ஆய்வாளர்கள் செய்தது. ஏஐயின் திறனுக்குள் அடங்கும் வேலைகளை, ஏஐ வைத்திருந்தவர்கள் 25 விழுக்காடு வேகமாக முடித்தார்கள், தரமும் 40 விழுக்காடு கூடியது. ஏஐக்கு எட்டாத வேலையாக வேண்டுமென்றே கொடுத்த ஒன்றில், அதைப் பயன்படுத்தியவர்கள் சரியான விடை தருவது 19 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்தது. கருவி கையில் இருந்ததே அவர்களை வழி தவற வைத்தது. அவர்கள் ஆலோசகர்கள், நாம் கல்லூரிக்காரர்கள், எண்கள் அப்படியே பொருந்தா. ஆனால் எந்த வேலை கோட்டுக்கு இந்தப் பக்கம், எது அந்தப் பக்கம் என்று முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டும் என்பது நமக்கும் பொருந்தும்.

நான் மூன்று குவியலாகப் பிரிக்கிறேன். கூட்டக் குறிப்பின் முதல் வரைவு, சுற்றறிக்கை, ஒரே கணக்கை வேறு எண்களில் பத்து விதமாக மாற்றுவது, பெயர் நீக்கிய மாணவர் கருத்துகளைத் தொகுப்பது ஆகியவை கொடுத்துவிட வேண்டியவை. பாட வடிவமைப்பு, ஆராய்ச்சி முன்மொழிவு, புள்ளிவிவரப் பகுப்பாய்வுக்கான நிரல் ஆகியவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சேர்ந்து செய்யலாம். இறுதி மதிப்பெண், ஒழுங்கு நடவடிக்கை, மாணவர் வீட்டுப் பிரச்சினை, பரிந்துரைக் கடிதத்தில் ஒருவருடைய குணத்தைப் பற்றி எழுதும் வரி ஆகியவை எக்காரணம் கொண்டும் கை மாறக் கூடாது.

படி 3: மிச்சமான நேரத்தை எழுத்தில் வாங்குங்கள்

இந்தப் படியைத் தவறவிட்டால் மற்ற எல்லாப் படிகளும் வீண்.

துறைக் கூட்டத்தில் வாய்மொழியாகப் பேசிவிட்டு வருவது போதாது. "வாரந்தோறும் செவ்வாய் பிற்பகல் 2 முதல் 4 வரை, இன்னார் இன்ன புதுப் பயிற்சியை உருவாக்க ஒதுக்கப்பட்டது, அந்த நேரத்தில் மாற்று வகுப்போ தேர்வுப் பணியோ தரப்படாது" என்று கூட்டக் குறிப்பில் ஏற வேண்டும். கால அட்டவணையில் அந்தக் கட்டத்தில் ஒரு பெயர் எழுதியிருக்க வேண்டும். வெற்றுக் கட்டம் இருந்தால் யாராவது நிரப்பிவிடுவார்கள். யார் மீதும் குறை சொல்லவில்லை. ஆள் பற்றாக்குறை இருக்கும் கல்லூரியில் காலியான கட்டம் அப்படித்தான் போகும்.

முதல்வரிடம் கேட்கும்போது முழுக் கணக்கையும் காட்டுங்கள். "எனக்கு நேரம் வேண்டும் சார்" என்று போனால் எல்லோருக்கும் வேண்டும் என்றுதான் பதில் வரும். "போன மாதம் இந்த நான்கு வேலைக்கு 22 மணி நேரம் ஆனது, இப்போது 13 ஆகிறது. 9 மணி நேரத்தில் 5 மணி நேரம் கல்லூரிக்கு, 4 மணி நேரம் இந்தப் பயிற்சிக்கு" என்று உதாரணத்தோடு போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். முழுவதையும் எனக்கே என்று கேட்க வேண்டாம். பாதிக்குப் பாதி என்று கேட்டபோதுதான் எங்களுக்குக் கிடைத்தது.

முதல்வராக இருக்கும் நண்பர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சீக்கிரம் முடித்தவருக்கு இன்னொரு வேலை கொடுக்கும் ஒவ்வொரு முறையும், அடுத்தவர்கள் ஏஐ பயன்படுத்துவதை மறைக்கப் பாடம் கற்கிறார்கள். மறைத்துப் பயன்படுத்தும் இடத்தில் யாரும் யாரிடமும் எதையும் கற்க முடியாது, தவறு நேர்ந்தாலும் வெளியே வராது.

படி 4: முதலில் உங்கள் தலை, பிறகு ஏஐ

2024-ல் சயன்ஸ் அட்வான்சஸ் இதழில் தோஷி, ஹவுசர் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிறுகதை எழுதச் சொல்லி, சிலருக்கு மட்டும் ஏஐயின் யோசனைகளைக் கொடுத்தார்கள். யோசனை பெற்றவர்களின் கதைகள் தனித்தனியாகப் பார்த்தால் மேம்பட்டிருந்தன. இயல்பில் கற்பனை குறைந்தவர்களுக்குத்தான் கூடுதல் பயன். ஆனால் அந்தக் கதைகளையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது ஒன்றைப் போல் ஒன்று இருந்தது.

இதைக் கல்லூரியில் நேரில் பார்த்தேன். புதிய கற்பித்தல் முறைக்கு முன்மொழிவு கேட்டு ஒரு பயிலரங்கு நடத்தினோம். வந்தவற்றில் பாதிக்கு மேல் தலைகீழ் வகுப்பறை (பாடத்தை வீட்டில் காணொளியாகப் பார்த்துவிட்டு, பயிற்சியை வகுப்பில் செய்வது), விளையாட்டு முறைக் கற்றல், மெய்நிகர் ஆய்வகம் என்று ஒரே மாதிரி. எழுத்து நன்றாக இருந்தது. எந்த ஊர்க் கல்லூரிக்கும் பொருந்தும், அதனாலேயே எங்கள் மாணவருக்குப் பொருந்தவில்லை. கல்லல், பள்ளத்தூர், திருப்பத்தூர் என்று தினமும் பேருந்தில் வந்து போகும் பிள்ளைகள். வீட்டில் மடிக்கணினி உள்ளவர்கள் சிலர்தான். இது முன்மொழிவு எழுதிய ஆசிரியருக்குத் தெரியும், அவர் கேட்ட கருவிக்குத் தெரியாது.

அதனால் இப்போது ஒரு முறை வைத்திருக்கிறோம். முதல் 20 நிமிடம் வெறும் தாளும் பேனாவும். வகுப்பில் மாணவர் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறார் என்று ஒரே ஒரு இடத்தை ஒவ்வொருவரும் எழுத வேண்டும், பிறகு அதற்குத் தன் தீர்வு. தாள்கள் மேசைக்கு வந்த பின்னரே கணினி திறக்கிறோம். அப்போதும் யோசனை கேட்பதில்லை, எதிர்வாதம் கேட்கிறோம். நான் வழக்கமாகத் தட்டும் கேள்வி இது:

"இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு இந்தப் பயிற்சியைத் தரப்போகிறேன். வகுப்பில் 60 பேர், 50 நிமிடம், கணினி கிடையாது. இது தோற்றுப்போக ஐந்து காரணம் சொல். பாராட்ட வேண்டாம். புது யோசனை தர வேண்டாம்."

கடைசி இரண்டு வாக்கியங்களை விட்டுவிட்டால் அது நம்மைப் புகழ்ந்துவிட்டு அதே தலைகீழ் வகுப்பறைக்குக் கூட்டிப் போகும். தமிழில் கேட்டு ஒருமுறை, ஆங்கிலத்தில் கேட்டு ஒருமுறை பாருங்கள். ஏஐயைப் பழக்க எடுத்துக்கொண்ட தரவில் ஆங்கிலத்தின் பங்கு மிகப் பெரிது என்பதால் விடையின் தரம் மாறுவது தெரியும்.

படி 5: ஏஐ பார்த்திராத பொருளை எடுங்கள்

முதலில் சொன்ன வணிகவியல் ஆசிரியைக்கு இப்போது செவ்வாய்க்கிழமை இரண்டு மணி நேரம் இருக்கிறது. அதில் அவர் செய்ததை விரிவாகச் சொல்லப்போகிறேன், ஏனென்றால் இந்த வழிகாட்டி முழுவதும் இந்த உதாரணத்தில் நின்றுதான் எழுதப்படுகிறது.

அவருடைய மாணவி ஒருத்தியின் தாத்தா ஒரு பெரிய வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். வீட்டில் பழைய பேரேடு ஒன்று கிடந்தது, 1950-களின் தொடக்கம். மாணவி அதைக் கொண்டுவந்தாள். வரவு, பற்று, நடப்பு வட்டி, கடைசியில் ஐந்தொகை. பாடப் புத்தகத்தில் இரட்டைப் பதிவு முறை என்றும் இருப்பாய்வு என்றும் படிக்கும் விஷயங்கள், தன் ஊர்க் கையெழுத்தில். ஆசிரியைக்குப் பொறி தட்டியது இங்கேதான்: இந்தப் பேரேட்டின் பத்துப் பக்கத்தை மாணவர்கள் படித்து, இன்றைய முறைக்கு மாற்றி, இருப்பு சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஏஐ எங்கே உதவியது? பயிற்சியை ஆறு வகுப்பாகப் பிரித்துத் தந்தது. எக்செல் தாளின் சூத்திரங்களை எழுதித் தந்தது. மதிப்பிடும் அளவுகோலின் முதல் வரைவைத் தந்தது. இதெல்லாம் ஒரே பிற்பகலில் முடிந்தது, தனியாகச் செய்திருந்தால் ஒரு மாதம்.

எங்கே கவிழ்ந்தது? ஒரு பக்கத்தைப் படம் எடுத்துக் கொடுத்தார்கள். "ரூ. 3-8-6" என்று இருந்ததை அது தேதி என்று எடுத்துக்கொண்டது. அது 3 ரூபாய் 8 அணா 6 பை. தசம நாணய முறை வந்தது 1 ஏப்ரல் 1957-ல். அதற்கு முன் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை, ஆக ரூபாய்க்கு 192 பை. இன்றைய கணக்கில் அந்தத் தொகை 3.53125 ரூபாய். இதைச் சொல்லிக்கொடுத்ததும் சரிசெய்துகொண்டது, அடுத்த பக்கத்தில் மறுபடி தவறியது.

அடுத்து வந்தது பின்னம். தமிழ்க் கணக்கில் மாகாணி என்றால் பதினாறில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, முந்திரி என்றால் 320-ல் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி உண்டு. ஓரிடத்தில் ஏஐ காணி என்று படித்தது, மாணவர்களும் அப்படியே எழுதிவிட்டார்கள், இருப்பு பொருந்தவில்லை. தேவகோட்டையில் பெரியவர் ஒருவர் இருக்கிறார், பழைய கணக்கு படிக்கத் தெரிந்தவர். ஆசிரியையும் நான்கு மாணவிகளும் அவரிடம் போனார்கள். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்துவிட்டு, "இது காணி இல்லம்மா, மாகாணி. கை மாறியிருக்கு பாருங்க, இந்தப் பக்கத்தை எழுதினது வேற ஆளு" என்றார். அதற்கு முந்தைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தால் ஆமாம், எழுத்தே வேறு. ஐந்து மடங்கு வித்தியாசம் அந்த ஒரு குறியில். திருத்தியதும் இருப்பு பொருந்தியது.

அந்தப் பிள்ளைகள் திரும்பி வரும்போது பேருந்தில் பேசிக்கொண்டே வந்ததைக் கேட்டிருக்க வேண்டும். கணக்கர் ஏன் மாறினார், நோயா, வேலையை விட்டாரா, அந்த மாதம் என்ன நடந்தது என்று கேள்வி மேல் கேள்வி. தணிக்கை என்றால் என்ன என்பதை நான் வகுப்பில் சொல்லி இப்படிப் புரிந்ததில்லை.

இணையத்தில் ஏறாத பொருளை ஏஐ அறியாது. செட்டிநாட்டில் அப்படிப்பட்ட பொருள் வீட்டுக்கு வீடு இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா தன் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த அச்சு நூல்களும் இதழ்களும்தான் அவர் மறைவுக்குப் பின், 1994 முதல், சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. ஒரு தனி மனிதர் சேர்த்தது அது. கல்லூரி நூலகர்கள் மாணவர்களை வைத்து இசைகுடிமானம் (திருமண ஒப்பந்த ஏடு), முறைச்சிட்டை (சீர்வரிசைப் பட்டியல்), கடிதம், கடைக் கணக்கு என்று வீட்டுக்காரர் அனுமதியோடு படமெடுத்துப் பட்டியலிட்டால், அதுவே எந்த ஏஐயும் தராத ஆராய்ச்சிக் கச்சாப்பொருள். பட்டியல் போடவும் சொல்லடைவு தயாரிக்கவும் ஏஐயைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

படி 6: சரிபார்ப்பை ஒரு வேலையாகவே எழுதி வையுங்கள்

வேதியியல் துறையில் ஒருவர் ஆத்தங்குடிக் கல்லை (செட்டிநாட்டு வீடுகளில் பதிக்கும் தரை ஓடு) வைத்து ஆய்வகப் பயிற்சி தயாரித்தார். ஏஐ தந்த வரைவு அழகாக இருந்தது. அதில் ஒரு வரி, ஓடுகள் சூளையில் உயர்ந்த வெப்பத்தில் சுடப்படுகின்றன என்று. ஆத்தங்குடிக் கல்லைச் சுடுவதே இல்லை. கண்ணாடி மேல் அச்சு வைத்து, நிறமேற்றிய சிமென்ட் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமென்ட்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து, காயவைக்கிறார்கள். பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருகிறது. சுடுவதாக எடுத்துக்கொண்டால் பயிற்சியின் வேதியியலே தவறிவிடும், ஏனென்றால் இங்கே நடப்பது சிமென்ட் நீரோடு வினைபுரிந்து இறுகுவது. ஊர்க்காரர் என்பதால் அவர் கண்டுபிடித்தார். வெளியூரிலிருந்து வந்தவர் என்றால் அச்சாகியிருக்கும்.

ஆகவே ஒவ்வொரு வரைவிலும் ஆண்டு, எண், பெயர், செய்முறை ஆகிய நான்கையும் அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றுக்கும் எங்கே பார்த்துச் சரிபார்த்தீர்கள் என்று ஓரத்தில் எழுதுங்கள். மேற்கோள் கட்டுரைகளை நூலகத் தளத்தில் திறந்து பார்க்காமல் சேர்க்கவே கூடாது, இல்லாத கட்டுரையை இருப்பதுபோல் எழுதும் பழக்கம் இந்தக் கருவிகளுக்கு உண்டு. இதற்கு ஆகும் நேரத்தையும் படி 1-ன் கணக்கில் சேருங்கள். சேர்க்காவிட்டால் மிச்சம் என்று காட்டும் எண் பொய்யாகிவிடும்.

ஏஐ எழுத்தைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் மென்பொருளை நம்பி யார் மீதும் நடவடிக்கை எடுக்காதீர்கள். ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியை 2023 ஜனவரியில் வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் நிறுத்திவிட்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் தாங்களே எழுதிய டோஃபல் (ஆங்கிலத் திறன் தேர்வு) கட்டுரைகளில் பாதிக்கு மேல் ஏஐ எழுதியதாக அவை முத்திரை குத்தின. நம் பிள்ளைகளும், நம் ஆசிரியர்களும் எழுதும் எளிய ஆங்கிலம் இந்தப் பொறியில் விழும்.

படி 7: ஒரே ஒரு பக்கத்தில் விதி

நாற்பது பக்கக் கொள்கை யாரும் படிப்பதில்லை. ஒரு பக்கம் போதும், தமிழில். எதற்குப் பயன்படுத்தலாம், எங்கே சொல்லிவிட்டுப் பயன்படுத்த வேண்டும், எதற்குக் கூடாது.

மானியக் குழுவின் 2018 கல்வி நேர்மை விதிகள் பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை என்று தொடங்கி 40, 60 என்று படிநிலை வகுக்கின்றன. ஏஐ எழுத்தைப் பற்றி அவற்றில் பேச்சு இல்லை. சாட்ஜிபிடி பொதுப் பயன்பாட்டுக்கு வந்ததே 30 நவம்பர் 2022-ல்தான். எனவே கல்லூரி தானே ஒரு நிலை எடுத்து எழுதியாக வேண்டும்.

மாணவர் பெயர், ஆதார் எண், மதிப்பெண், சாதிச் சான்றிதழ், மருத்துவ விவரம் எதையும் இலவச ஏஐயில் ஏற்றக் கூடாது என்பதை முதல் வரியாகவே போடுங்கள். மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், உதவித்தொகைக்காக நம்மை நம்பிக் கொடுத்த தாள் அது.

படி 8: பயப்படுகிறவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள்

கௌரவ விரிவுரையாளர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாத ஒருவர், "இந்த வேலையை ஏஐ பாதி நேரத்தில் முடிக்கிறது" என்று துறைத் தலைவரிடம் சொல்வாரா? சொன்னால் தன் இடமே பாதியாகும் என்று நினைப்பார். அவரிடம் புதுமுயற்சி இல்லை என்று அறிக்கை எழுதுவது அநியாயம். ஏஐயால் மிச்சமாகும் நேரத்தைக் காரணம் காட்டி எந்த விரிவுரையாளரின் வகுப்பும் குறைக்கப்படாது என்று நிர்வாகம் எழுத்தில் தர வேண்டும். தவறு செய்தாலோ உண்மையைச் சொன்னாலோ தலை போகாது என்ற நம்பிக்கை உள்ள குழுதான் கற்றுக்கொள்ளும் என்று ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1999-லேயே காட்டியிருக்கிறார்.

மூத்தவர்களின் தயக்கம் வேறு வகை. ஒரு மென்பொருள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பணியாளர் ஐயாயிரம் பேரிடம் நடந்த ஆய்வில், 2023-ல் வெளியான முதல் வடிவத்தின்படி, ஏஐ வந்ததும் சராசரி உற்பத்தித் திறன் 14 விழுக்காடு கூடியது. புதியவர்களுக்கு 34 விழுக்காடு. அனுபவசாலிகளுக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. அந்த ஏஐயைப் பழக்கியதில் திறமைசாலிகளின் உரையாடல்களுக்குப் பங்கு உண்டு. ஆகவே மூத்த பேராசிரியரை "நீங்களும் கத்துக்கங்க சார்" என்று பயிற்சிக்கு இழுப்பதைவிட, சரிபார்க்கும் நாற்காலியில் உட்கார வையுங்கள். தேவகோட்டைப் பெரியவர் செய்ததை ஒவ்வொரு துறையிலும் செய்ய ஒருவர் இருக்கிறார். ஆய்வக உதவியாளர்களும் அப்படியே. எந்தக் கருவி எந்த மாதம் மக்கர் செய்யும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

பயிற்சிக்கு வெளியாள் அழைத்து ஒரு நாள் விழா வேண்டாம். வாரம் ஒரு மணி நேரம், தேநீரோடு, ஒருவர் தான் செய்ததையும் தவறியதையும் காட்டினால் போதும். ஒழுங்கான பட்டியல் தேவை என்றால் யுனெஸ்கோ 2024-ல் வெளியிட்ட ஆசிரியர் ஏஐ திறன் சட்டகத்தைப் பாருங்கள். ஐந்து பகுதி, மூன்று நிலை, 15 திறன்கள். மூன்றாம் நிலைக்குப் பெயரே "உருவாக்கு". முதல் நிலையைத் தாண்டாமல் சான்றிதழ் வாங்கிக்கொண்டு நின்றுவிடுவதுதான் பரவலாக நடக்கிறது.

படி 9: எதை அளப்பது

எத்தனை பேர் ஏஐ பயன்படுத்துகிறார்கள், எத்தனை பயிலரங்கு நடந்தது என்று எண்ண வேண்டாம். அவை கோப்புக்கு நல்லது. மூன்றே கேள்வி கேளுங்கள். இந்த ஆண்டு தொடங்கிய மாற்றங்களில் எவை இரண்டாவது செமஸ்டரிலும் நடக்கின்றன? தொடங்கியவர் விடுப்பில் போனாலும் நடக்கிறதா? கைவிட்டது எது, ஏன்?

மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலைக் கூட்டக் குறிப்பில் தவறாமல் எழுதுங்கள். எங்கள் அலுவலகம் மாணவர் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் ஒரு சாட்பாட்டை முயன்று, தேர்வுக் கட்டணத் தேதியைத் தவறாகச் சொன்னதால் நிறுத்தியது. எழுதி வைத்ததால், அடுத்த ஆண்டு இன்னொரு துறை அதே குழியில் விழவில்லை. தேதிகளைக் கையால் உள்ளிடும் அறிவிப்புப் பக்கமாக அதை மாற்றிக்கொண்டார்கள்.

பிறகு, செமஸ்டர் முடிவில் அந்த நோட்டுப் புத்தகத்தை மறுபடி எடுங்கள். மீண்டும் இரண்டு வாரம் நேரக் கணக்கு எழுதி, பழையதன் பக்கத்தில் வைத்து, ஆறாவது பத்தியை மட்டும் ஒப்பிடுங்கள். எங்கள் வணிகவியல் ஆசிரியையின் கணக்கில் முதல் தடவை அந்தப் பத்தி வெறுமையாக இருந்தது. இந்த முறை செவ்வாய்க்கு இரண்டு மணி நேரம் ஏறியிருக்கிறது, சில வாரம் வியாழனிலும் ஒன்று. பள்ளத்தூரிலிருந்து இன்னொரு பேரேடு வந்திருக்கிறதாம், அதில் மூன்று பேர் கையெழுத்து.